இழுபட்ட நிலமும் மேலே வந்த கல்லும்



தென்தீவின் மேற்குக் கரைக்குச் சுற்றுலா போகும் எம்மவர்கள் புனகாய்க்கியில் இறங்கி, அடுக்கடுக்காக இருக்கும் பான்கேக் பாறைகளைப் படம் எடுக்காமல் திரும்புவதில்லை. அது சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணத்தில் கல்லுடைத்துக் கிணறு வெட்டியவர்களுக்குப் புதிய விசயமல்ல. அங்கிருந்து வடக்கே வெஸ்ட்போர்ட் போகும் வழியில் சார்ள்ஸ்டன் என்றொரு சிறிய ஊர் வரும். 1860களில் பொன் தேடி ஆட்கள் குவிந்த இடம். அதன் கடற்கரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு கோடாய் ஒரு பாறை கிடக்கிறது. அதைப் பார்க்க அதிகம் பேர் இறங்குவதில்லை. இன்றைய பேச்சு அந்தப் பாறையைப் பற்றியது.

அதன் பெயர் நைஸ். உருமாறிய பாறை வகையைச் சேர்ந்தது. பூமிக்கு அடியில் பத்துக் கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பல நூறு பாகை வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் கிடந்து தன் உருவத்தை மாற்றிக்கொண்ட கல். அது எப்படிக் கடற்கரைக்கு வந்தது?

ஆழத்துக் கல் வெளியே வர ஒரு வழி அரிப்பு. எங்கள் மலைநாட்டில், கண்டி, நுவரெலியாப் பக்கம் இருக்கும் பாறைகள் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் மிக ஆழத்தில் உருமாறியவை. அவை வெளியே தெரிவதில் மழையும் ஆறும் அரித்ததற்குப் பெரும் பங்கு உண்டு.

இன்னொரு வழி, நிலம் இழுபடுவது. புவியோடு இரண்டு பக்கமும் இழுபட்டால் மெல்லியதாகும். மேற்பகுதி குளிர்ந்து இறுகியது, அதனால் உடையும். அடிப்பகுதி சூடானது, அதனால் மெல்ல மெல்ல நீளும். உடைந்த மேற்பகுதி ஒரு சாய்வான பெரும் பிளவின் மேல் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் விலகிப் போகும். மீன் இறக்க இறக்க வள்ளம் தண்ணீரில் உயர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல, மேலிருந்த பாரம் விலகிய இடத்தில் அடியில் கிடந்த பாறை உயர்ந்து வரும். கணக்காளன் பாசையில் சொன்னால், ஐந்தொகையின் ஒரு பக்கம் குறைந்தால் மற்றப் பக்கமும் மாறித்தான் ஆகவேண்டும்.

சார்ள்ஸ்டனை அடுத்த பாப்பரோவா மலைத்தொடரில் நடந்தது இதுதான். சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன், நியூசிலாந்து இன்னும் கோண்டுவானாப் பெருங்கண்டத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த காலத்தில், இங்கே நிலம் இழுபடத் தொடங்கியது. மேற்பாறை ஒரு பிளவில் வடகிழக்காகவும் மற்றொன்றில் தென்மேற்காகவும் வழுக்கிப் போக, நடுவில் நைஸும் கருங்கல்லும் எழுந்தன. 1989இல் துலொக், கிம்புறோ என்ற இரு ஆய்வாளர்கள் இதை எடுத்துக் காட்டினார்கள்.

இதற்குச் சாட்சியும் அருகிலேயே உண்டு. புல்லர் ஆற்றோரம் ஹோக்ஸ் கிராக் என்ற இடத்தில் பாறையைக் குடைந்து ஒற்றை வழிப் பாதை போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே தொங்கும் அந்தப் பாறை, கூரான கல் துண்டுகள் ஒன்றாய் இறுகியது. நிலம் பிளந்து உயர்ந்தபோது சரிவுகளில் உடைந்து விழுந்து பள்ளங்களை நிரப்பிய கற்கள் அவை. ஒன்று சொல்லவேண்டும்: பாப்பரோவாவின் இன்றைய உயரம் பிற்காலத்தில் நிலம் நெருக்குண்டதால் வந்தது. ஆழத்துக் கல்லை மேலே கொண்டுவந்ததுதான் அந்தப் பழைய இழுவை.

இழுவை அத்தோடு நிற்கவில்லை. 8 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன் நிலம் முற்றாகப் பிரிந்து, இடையில் தஸ்மான் கடல் விரிந்தது. இழுபட்டு மெலிந்த கண்டம் தாழ்ந்துபோனது. 2017இல் விஞ்ஞானிகள் சீலாந்தியா என்ற தனிக் கண்டமாக எடுத்துரைத்த அதன் பரப்பு 49 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் 94 வீதம் கடலுக்கு அடியில். நாங்கள் குடியிருப்பது மிஞ்சிய சிறு பகுதியில்.

இது பழங்கதை மட்டுமல்ல. விடுமுறைக்குப் பிள்ளைகளோடு றொட்டோறுவா, தவுப்போ போகிறோமே, அந்த நிலம் இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகன்றுகொண்டிருக்கிறது. 1987 மார்ச் 2ஆம் திகதி எட்ஜ்கம் நகரில் வந்த நிலநடுக்கம் இந்த இழுவையின் விளைவு. பிளவின் ஒரு பக்க நிலம் சில இடங்களில் இரண்டு மீட்டர் வரை இறங்கியது. ஆகவே அலுமாரியைச் சுவரோடு பூட்டி வையுங்கள். மூன்று நாளுக்குத் தேவையான குடிதண்ணீரைச் சேர்த்து வையுங்கள். இங்கே வீடு வைத்திருக்கும் எவருக்கும் அது அவசியம்.

இலங்கையும் நியூசிலாந்தும் ஒருகாலம் அதே கோண்டுவானாவின் பாகங்கள். அடுத்த முறை மேற்குக் கரைக்குப் போனால் சார்ள்ஸ்டனில் பத்து நிமிடம் நின்று அந்தக் கல்லைத் தொட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.