ஒரே எடை, வேறு உடம்பு



"ஆள் ஒல்லியாத்தானே இருக்கார், அவருக்கு எப்படிச் சர்க்கரை வந்துச்சு?" இந்தக் கேள்வியை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். 2004-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதையே ஒரு புகைப்படத்தால் காட்டியது. படத்தில் இரண்டு மருத்துவர்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கு எடை பொருத்தமா என்று சொல்லும் பி.எம்.ஐ. அளவு இருவருக்குமே 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே, இளம் வயதிலேயே தெற்காசியர்களைச் சர்க்கரை நோய் பிடித்துக்கொள்கிறது. ஏன்? விடை தேடியவர்களில் சிலர் பழுப்புக் கொழுப்பின் பக்கம் திரும்பினார்கள்.

நமக்குத் தெரிந்த தொந்திக் கொழுப்பு வெள்ளைக் கொழுப்பு. சக்தியைச் சேர்த்து வைப்பது அதன் வேலை. பழுப்புக் கொழுப்பு அதற்கு நேர்மாறு. குளிர் பட்டதும் சர்க்கரையையும் கொழுப்பையும் அடுப்பைப் போல எரித்து உடம்புக்குச் சூடு தரும். இரும்புச்சத்துள்ள மைட்டோகாண்ட்ரியாக்கள் அதில் நிறைந்திருப்பதால்தான் அந்தப் பழுப்பு நிறம். பச்சைக் குழந்தைகளிடம் இது தாராளமாக உண்டு. பெரியவர்களிடமும் கழுத்திலும் காறை எலும்பை ஒட்டியும் இது வேலை செய்கிறது என்று 2009-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஸ்கேன் படங்களோடு நிறுவின.

நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒல்லியான, நோயற்ற இளைஞர்கள்: தெற்காசிய வம்சாவளியினர் 12 பேர், ஐரோப்பிய வம்சாவளியினர் 12 பேர். எல்லோரையும் குளிரூட்டி ஸ்கேன் எடுத்தார்கள். தெற்காசியர்களிடம் பழுப்புக் கொழுப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழித்த சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறைவு. குளிரில் அவர்களுக்குத்தான் முதலில் நடுக்கம் எடுத்தது.

இத்துடன் புதிர் அவிழ்ந்துவிட்டதா? இல்லை. 24 பேரை வைத்து ஓர் இனத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த இதே மாதிரியான சிறு ஆய்வில் அப்படி எந்த வேறுபாடும் தென்படவில்லை. அதோடு, வேறு காரணங்களுக்கும் வலுவான சான்று உண்டு. யாஜ்னிக்கின் குழு புனேயின் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டது. அங்கே சராசரி எடை 3.5 கிலோ, இங்கே 2.7 கிலோதான். தசை வற்றியிருந்தும் தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஆக, தாயின் வயிற்றிலேயே கதை தொடங்கிவிடுகிறது.

அதனால், "ஐஸ் தண்ணீரில் குளித்தால் சர்க்கரை ஓடிவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 23-ஐ எட்டும்போதே கவனம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எடை இயந்திரத்தோடு இடுப்பளவு நாடாவையும் எடுங்கள்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதற்குமேல் போகக் கூடாது. நடங்கள், தசைக்கு வேலை கொடுங்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள், ஒல்லியாக இருந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்த்துவிடுங்கள்.