யாளிக்கு எலும்பு உண்டா?

(பேரையூரில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'சங்க இலக்கியத்தில் விலங்குகள்' என்று தலைப்புக் கொடுத்து அழைத்தார்கள். அத்தலைப்பில் நாள் முழுதும் பேசலாம். பந்தி போடும் நேரத்திற்குள் முடிக்க வேண்டும் என்பதால் ஒரே ஒரு விலங்கை எடுத்துக்கொள்கிறேன். அதுவும் விலங்குதானா என்பதே ஐயமாயுள்ள ஒன்று: ஆளி, அல்லது யாளி.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் பொருநராற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தேன். இளம் கரிகாலனை, தன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்ற ஆளிக் குருளையோடு முடத்தாமக்கண்ணியார் ஒப்பிடும் இடம். சாப்டூர் மலையடிவாரத்திலிருந்து வரும் ஒரு மாணவன் எழுந்து, "அம்மா, ஆளி உண்மையில் இருந்ததா?" என்று கேட்டான். "ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை, ஆகவே இல்லை" என்றேன். அவன் உட்காரவில்லை. "எங்கள் தாத்தா மலையடியில் அறுபது வருடம் ஆடு மேய்த்தவர். புலி எலும்பைத் தம் கண்ணால் பார்த்ததே இல்லை என்பார். அதனால் புலி இல்லை என்று சொல்லலாமா, அம்மா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டேன்.

போனேனே தவிர, அன்றிரவு மனம் அமைதியடையவில்லை. யாளி மெய்யாகவே வாழ்ந்தது, கோயில் தூண்களே சாட்சி என்று அடித்துப் பேசுவோர் இன்று பலர். அவர்கள் பேச்சில் ஒரு மயக்கம் இருக்கிறது, இளைஞர்களை இழுக்கும். அதற்கு எதிராக நிற்க வேண்டிய ஆசிரியை நொண்டிக் காரணம் ஒன்றைச் சொல்லி நழுவினால், மாணவன் நாளை யார் பக்கம் போவான்?

அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி. காட்டில் செத்த விலங்கின் உடல் நெடுநாள் கிடப்பதில்லை. கழுகும் நரியும் பன்றியும் தசையை முடிக்கும். முள்ளம்பன்றி எலும்பைக் கொறிக்கும். மழையும் ஈர மண்ணும் மிச்சத்தைக் கரைத்துவிடும். நமக்கு அருகிலுள்ள கீழடியையே பாருங்கள். அங்கே கிடைத்த எலும்புகளை ஆய்ந்து தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 இல் வெளியிட்ட அறிக்கையில் மாடு, எருமை, ஆடு, நீலான், கலைமான், காட்டுப்பன்றி, மயில் ஆகியவை காணப்படுகின்றன. அப்பட்டியலில் புலி இல்லை, கரடியும் இல்லை. அதனால் சங்க காலத்தில் புலி இல்லையென்று எவரும் சொல்லமாட்டார். வைகைக் கரையில் வாழ்ந்தவர்கள் உண்டு கழித்த எலும்பில் மலைவிலங்கைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இல்லையென்று முடிவுகட்டியவை திரும்பி வந்ததும் உண்டு. ஆந்திரத்துக் கல்குருவி ஒன்று, ஜெர்டன் என்பவர் பெயரைத் தாங்கியது, 1900 க்குப் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. 1986 இல் கடப்பைப் பகுதிப் புதர்க்காட்டில் மீண்டும் கண்டார்கள். ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாகக் கருதப்பட்ட சீலகாந்த் மீன் 1938 இல் தென்னாப்பிரிக்கக் கடலில் வலையில் வந்து விழுந்தது.

இத்தோடு நிறுத்தினால் யாளிக்காரர்கள் கைதட்டுவார்கள். நிறுத்தப் போவதில்லை.

புலியின் எலும்பு கிடைக்காவிட்டாலும், அது அடிச்சுவட்டை விடுகிறது; எச்சத்தை விடுகிறது; பாதி தின்ற மானை விடுகிறது. மேற்கே தெரிகிற இந்த மலைத்தொடர், திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக 2021 இல் அறிவிக்கப்பட்டது இத்தகைய தடயங்களைக் கொண்டுதான். இரண்டாவது, பல். உடலில் மிகக் கடினமான பொருள் பல்லின் மேற்பூச்சு. தென்சீனத்தில் வாழ்ந்த பெருங்குரங்கு ஒன்றின் பல்லை 1935 இல் கோனிக்ஸ்வால்ட் என்ற அறிஞர் ஹாங்காங் மருந்துக் கடையில் கண்டெடுத்தார். இன்றுவரை அதன் சில தாடைகளும் ஏராளமான பற்களுமே நமக்குத் தெரியும். ஆனாலும் அது வாழ்ந்தது என்பதில் ஐயமில்லை. 1880களில் புரூஸ் ஃபூட்டும் அவர் மகனும் கர்நூல் குகைகளைத் தோண்டியபோது, தென்னாட்டில் இன்று எந்தக் காட்டிலும் இல்லாத காண்டாமிருகத்தின் எலும்பு கிடைத்தது. யானையைக் கொல்லும் அளவு பெரிய விலங்கு, ஒன்றிரண்டல்ல, தலைமுறை தலைமுறையாய் இனம் பெருக்கி வாழ்ந்திருக்க வேண்டும். அது ஒரு பல்லைக்கூட விடவில்லை என்பது சற்றுக் கனமான செய்திதான். ஆக, எலும்பு கிடைக்காதது மட்டும் தீர்ப்பாகாது. எங்கே, எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

நான் மண் தோண்டுபவள் அல்லள். எனக்குத் தெரிந்த நிலம் பாட்டு. அங்கே தோண்டிப் பார்த்தேன்.

பாட்டில் ஆளியின் செயல் நிறைய உண்டு. புலியையே வென்ற களிற்றை அது இழுத்துச் செல்வதாக நற்றிணை கூறும். யானை அலற, வெண்கோட்டைப் பறித்துக் குருத்தை உண்பதாக அகநானூறு கூறும். உருவமோ மிகக் குறைவு. துதிக்கை பற்றி நான் படித்த பாடல்களில் ஒரு சொல்லும் இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில், தலைவன் வரும் இரவு வழியின் ஏதங்களை அடுக்கும்போது புலி, ஆளி, கரடி, ஆமான், களிறு என்கிறார். மெய்யான விலங்குகளின் நடுவே நிற்பதால் ஆளியும் மெய் என்பர் சிலர். அவர்கள் பட்டியலை முழுதும் படிப்பதில்லை. அதே மூச்சில் இடியும், சூர் என்னும் தெய்வமும், உரைகாரர் பேய் எனப் பொருள் கொள்ளும் பழுவும் வருகின்றன. அது விலங்கியல் பட்டியலன்று. ஒரு பெண்ணின் அச்சப் பட்டியல்.

என்னை நிறுத்திய செய்தி வேறு. புலியின் பல் தாலியாகக் கோக்கப்பட்டுக் குழந்தைகளின் மார்பில் தொங்குவதைச் சங்கப் பாடல்கள் சில காட்டுகின்றன. பசித்த சிறுகுடியினர் யானைக் கோட்டை விற்று உண்பதைக் குறுந்தொகையில் அதே கபிலர் காட்டுகிறார். புலியும் யானையும் இவ்வாறு பல்லாகவும் கோடாகவும் மலையிலிருந்து ஊருக்குள் இறங்கிவருகின்றன. ஆளிப்பல் கோத்த தாலியை நான் எங்கும் படித்ததில்லை. ஆளித்தோல் விரித்த முற்றத்தையும் கண்டதில்லை. எவரும் அதை வேட்டையாடிக் கொண்டுவரவில்லை. மண்ணில் எச்சம் இல்லாததைவிட, அதைப் பாடியவர்களின் பாட்டிலேயே கையில் எடுக்கத்தக்க எச்சம் இல்லாதது எனக்குப் பெரிய சான்றாகப் படுகிறது. மாறாக, 'அணங்குடை' என்ற அடையை ஆளிக்குத் திரும்பத் திரும்பத் தருகிறார்கள். தீண்டி வருத்தும் தெய்வ ஆற்றலைக் குறிக்கும் சொல் அது.

ஆளி என்பது சிங்கமே என்பாரும் உளர். அதற்கும் இடமிருக்கிறது. பொருநராற்றுப்படையில் ஆளிக்கு ஒப்பிடப்பட்ட அதே கரிகாலனைப் பட்டினப்பாலை அரிமாவுக்கு ஒப்பிடுகிறது. நேரில் காணாத சிங்கத்தைப் பற்றி வடக்கிலிருந்து வந்த செய்தியும், மலையைப் பற்றிய அச்சமும் கலந்து ஆளி ஆகியிருக்கலாம். இது என் ஊகம், முடிவன்று.

கோயில் தூண்களைச் சான்று காட்டுவோருக்கு ஒரு சொல். மதுரை ஆயிரங்கால் மண்டபத்திலும் புதுமண்டபத்திலும் நிற்கும் யாளிகள் 16, 17 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சங்கப் பாடலுக்கும் அவற்றுக்கும் இடையில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் கிடக்கிறது. ஒன்றுக்குத் துதிக்கை உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. குதிரை முகமும் உண்டு, மனித முகமும் உண்டு. பார்த்துச் செதுக்கிய விலங்கு சிற்பிக்குச் சிற்பி இவ்வளவு மாறாது. அக்கல்லில் அந்த உயிரைப் படைத்த சிற்பியிடம், 'நீ கண்டதைத்தானே செதுக்கினாய்' என்று சொல்வது அவரைப் பாராட்டுவதா, குறைப்பதா?

அந்த மாணவனிடம் இவற்றையெல்லாம் சொல்ல ஓராண்டு ஆயிற்று. பொறுமையாகக் கேட்டான். ஒத்துக்கொண்டானா என்று முகத்தில் தெரியவில்லை. அடுத்த வாரம் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஓடைக்கரையில் கிடந்த தாடைத் துண்டு, நான்கு பற்களோடு. எனக்கும் ஒரு கணம் நெஞ்சு படபடத்ததை மறைக்க மாட்டேன். விலங்கியல் துறை நண்பரிடம் எடுத்துப் போனோம். பார்த்தவுடனே, "மாடு" என்றார்.

திரும்பி வரும்போது பையன் அதைக் கையில் புரட்டிக்கொண்டே வந்தான். "மாட்டுப் பல்லே இத்தனை நாள் கிடக்கிறதே, அம்மா" என்றான்.