நரம்புக் கட்டும் மெழுகு மேளமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இசையைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். சரக்குக் கணக்கெழுதும் கை, வீணை மீட்டும் கையன்று. ஆயினும் கேட்கும் செவியும், அளந்து பார்க்கும் பழக்கமும் நமக்கு உண்டு. ஆகவே பாட்டை விடுத்து, சுரங்களுக்கு இடம் வகுக்கும் மெட்டுகளைப் பற்றிப் பேசத் துணிந்தோம்.

பழந்தமிழர் யாழில் மெட்டுகள் இல்லை. ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்துக்கு உரியதாயிருந்தது. விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலில் இக்கருவியை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒரே தந்தியில் பல சுரங்களைப் பெற வேண்டுமாயின், விரல் அழுத்தும் இடங்களை வரையறுக்க வேண்டும். மெட்டின் பயன் அதுவே.

ஐரோப்பாவில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் லூட் என்னும் கருவி பெரும்புகழ் பெற்றிருந்தது. அரேபியரின் ஊத் வழிவந்த அதன் உடல், பேரிக்காயைப் பாதியாகப் பிளந்தாற் போன்றது. ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த நரம்பே அதற்குத் தந்தி, மெட்டும் அந்நரம்பே!

கட்டும் முறையைக் கேளுங்கள். லூட்டின் கழுத்து தலைப்பக்கம் ஒடுங்கி, உடற்பக்கம் சற்றே பருத்திருக்கும். ஒடுங்கிய இடத்தில் நரம்பைச் சுற்றி இறுக முடிச்சிடுவர். முனைகளை நறுக்கி நெருப்பில் இலேசாகக் காட்டுவர். முனை தடித்துக்கொள்வதால் முடிச்சு நழுவாது. பின்னர் அதை உரிய இடத்துக்குத் தள்ளுவர். கழுத்துப் பருக்கப் பருக்கக் கட்டு தானே இறுகும். தலைப்பக்க மெட்டுக்குத் தடித்த நரம்பும், அடுத்தடுத்தவற்றுக்கு மெலிந்த நரம்பும் கொள்வர். இல்லையேல் தந்தி அடுத்த மெட்டில் உரசி இரையும்.

இடத்தைக் குறிக்கவும் கணக்கு உண்டு. வின்சென்சோ கலிலி, வானநூலறிஞர் கலிலியோவின் தந்தையார், 1581இல் ஒரு விதியை எடுத்துரைத்தார். தந்தியின் நீளத்தில் 18இல் ஒரு பங்கு முதல் மெட்டு. எஞ்சியதில் 18இல் ஒரு பங்கு அடுத்தது. தந்தி 63 சென்டிமீட்டராயின் முதல் மெட்டு 3.5 சென்டிமீட்டரில் அமையும்; அடுத்தது அதிலிருந்து ஏறக்குறைய 3.3 சென்டிமீட்டர். இவ்வாறு 12 முறை சென்றால் ஏறத்தாழப் பாதித் தந்தி எஞ்சும். அதுவே மேல் ஷட்ஜம். ஆயினும் கணக்கு வழிகாட்டுமேயன்றித் தீர்ப்புக் கூறாது. வாசிப்பவன் காதால் கேட்டு, மெட்டை மயிரிழை நகர்த்தி அமைப்பான். தேய்ந்த நரம்பை அவிழ்த்துப் புதியது கட்டுவதும் அவனுக்குத் தெரிந்த வேலையே.

இங்கே நம் அண்டை வீட்டாரின் சிதாரைப் பாருங்கள். வளைந்த உலோக மெட்டுகளை நூலால் கட்டியிருப்பர். இராகத்துக்கேற்ப அவற்றுட் சிலவற்றை வாசிப்பவரே நகர்த்திக்கொள்வார்.

நம் வீணையோ வேறு வகை. 24 வெண்கல மெட்டுகளை மெழுகில் பதிப்பதை ‘மேளம் கட்டுதல்’ என்கிறோம். மெழுகை இளக்கி, ஒவ்வொரு மெட்டையும் செவியால் தேர்ந்து நிறுத்துவது கைதேர்ந்தவர் தொழில். அம்மெழுகு இவ்வூர்க் கோடையின் வெப்பத்துக்கு இளகும், மெட்டு சாயும், சுரம் பிசகும். மேளம் கட்டுவோர் தொலைவில் இருக்கின்றனர். ஆதலால் தாய் வீட்டுச் சீராக வந்த வீணைகள் சில, நம் இல்லங்களில் உறையோடு மூலை சேர்ந்துவிட்டன. பிள்ளைகளும் பாடத்தை நிறுத்திவிட்டனர். இது வருந்தத்தக்கதன்றோ?

இரண்டு வேண்டுகோள்கள். முதலாவது: வீணையை வெயில் படாத இடத்தில் வையுங்கள். திங்கள்தோறும் தந்தியை வெறுமனே மீட்டி, பின்னர் 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். கீழ் ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் ஒன்றோடொன்று இழையாவிடில் மேளம் கலைந்ததென்று அறியலாம். இரண்டாவது: ஆண்டுக்கு ஒருமுறை, கோடை கழிந்ததும், மேளம் கட்டுபவர் ஒருவரைச் சங்கம் வரவழைக்க வேண்டும். வீணைகளையெல்லாம் இம்மண்டபத்தில் ஒருங்கு சேர்ப்போம். நம் இளைஞர் இருவர் மூவர் அவர் அருகில் அமர்ந்து அத்தொழிலைக் கற்கட்டும். லூட் வாசித்தவன் தன் மெட்டைத் தானே கட்டிக்கொண்டான். நம் காலனியிலும் அத்தகைய கைகள் நான்கு உருவாகுமாயின், அடுத்த ஆண்டு விழாவின் இறைவணக்கத்தை நம் குழந்தைகள் வீணையிலேயே இசைப்பர்.