வீடு பார்க்கும்முன் கீழ்த்தளத்தில் சற்று நில்லுங்கள்

(புதிய குடும்பங்களுக்கான சந்திப்பில் ஆற்றிய உரை)





எங்களைப் பேச அழைத்தபோது வியாபாரத்தைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்தோம். மசாலாத் தூள், அரிசி, பருப்பு என்றால் ஒரு மணி நேரம்கூடப் பேசலாம். செயலாளர் அண்ணன் விடவில்லை. "சிங்கப்பூரில் எந்தப் பேட்டையில் குடியேறுவது என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மூன்று இடம் மாறியவர்கள் நீங்கள், அதைச் சொல்லுங்கள்" என்றார். மூன்று இல்லை, நான்கு. முதல் இடத்தை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. அது லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடி. ஊரில் பாலிடெக்னிக் டிப்ளமா முடித்துவிட்டு வந்த பையன்கள் எட்டுப் பேர், இரண்டு அறை, ஒரு குளியலறை. அந்த இடத்தை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. முன்னால் வந்த சொந்தக்காரர் எங்கே இருக்கிறாரோ அங்கே போய் இறங்குவோம், அவ்வளவுதான்.

நம் முன்னோரும் அப்படித்தான் இறங்கினார்கள். தெலுக் ஆயர் ஸ்திரீட் அந்தக் காலத்தில் கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கி நடந்து போகும் தூரத்தில் 1826-ல் சூலியா பள்ளிவாசல், 1827-ல் குச்சுப் பள்ளி என்று நாம் சொல்லும் அல்-அப்ரார், 1828-க்கும் 1830-க்கும் இடையில் நாகூர் தர்கா. பின்னால் வந்த கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் துறைமுகத்துக்கு நடந்து போக வசதியாகத் தஞ்சோங் பகாரில் குடியிருந்தார்கள். கடையநல்லூர் ஸ்திரீட் என்ற பெயர்ப் பலகை இன்றும் அந்தப் பக்கம் இருக்கிறது. 1946-ல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி தொடங்கியதும் அந்த வட்டாரத்தில்தான். வேலை, பள்ளிவாசல், பிள்ளைகளின் பள்ளி, பக்கத்து வீட்டில் அதே ஊர்க்காரர், எல்லாம் கால் நடைக்குள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா சொல்வார்கள்: "அப்ப வீடு பார்க்கலைப்பா, ஆளைத்தான் பார்த்தோம்." வீடு என்று சொல்ல அப்போது பெரிதாக ஒன்றும் இருந்ததும் இல்லை. ஓர் அறையில் ஒரு குடும்பம்.

அந்த வட்டாரம் இடித்துக் கட்டப்பட்டதும் குடும்பங்கள் தீவு முழுக்க அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டன. இன்று நாம் நினைத்தாலும் ஒரே புளோக்கில் கூடி வாழ முடியாது. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

முதலில் எங்கள் தவறு. 2016-ல் மனைவியும் கைக்குழந்தையும் வந்து சேர்ந்தார்கள். வேலை துவாஸில். ஜூரோங் வெஸ்ட்டில் மூவறை வீடு எடுத்தோம். கம்பெனி பேருந்து புளோக்கின் அருகிலேயே நிற்கும், நகருக்குப் பக்கத்து வாடகையைவிட 400 வெள்ளி குறைவு. இந்த இரண்டைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. வீட்டைப் பார்த்ததே ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு, கால் மணி நேரம்.

எங்களில் ஒருவர் காலை ஆறரைக்குப் போய் இரவு எட்டுக்குத் திரும்புவார். மற்றவர் அந்தப் பதின்மூன்றரை மணி நேரமும் ஒரு குழந்தையோடு பதினோராவது மாடியில். ஆங்கிலம் பேசக் கூச்சம், மலாய் தெரியாது. மேற்கு பார்த்த படுக்கையறை வேறு, இரண்டு மணிக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. பக்கத்து வீட்டில் ஒரு வயதான மலாய் அம்மா இருந்தார்கள். வந்த இரண்டாம் வாரமே கதவைத் தட்டினார்கள். யாரென்று தெரியாமல் எப்படித் திறப்பது என்று திறக்கவில்லை. இன்னொரு முறையும் தட்டினார்கள். அப்போதும் இல்லை. ஒருநாள் இரவு சோறு வைக்கும்போது, "ஏங்க, பத்து நாளா உங்களைத் தவிர யார்கிட்டயும் நான் பேசல" என்று மனைவி சொன்னதைக் கேட்டும், "பழகிடும்" என்ற ஒரே சொல்லில் அது முடிந்துபோனது.

குழந்தைக்குப் பத்து மாதம் இருக்கும்போது ஒரு பிற்பகல் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே போய், கை கால் வெட்டிக்கொண்டு. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடைபாதைக்கு ஓடியிருக்கிறார். 995-ஐ அழைக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் எந்த புளோக், எந்த எண் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு முறைகூட அந்த முகவரியை யாரிடமும் சொல்ல வேண்டி வந்ததில்லை. இரண்டு முறை நாங்கள் கதவைத் திறக்காத அந்த மக்சிக்தான் வெளியே வந்து, தம் கைப்பேசியில் அழைத்து, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அவசர வண்டியிலும் கூட ஏறிப் போனார்கள். துவாஸிலிருந்து மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மாலை ஆறாகிவிட்டது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, அல்ஹம்துலில்லாஹ். தாதி, "அந்தப் பாட்டி உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். பெயர்கூடத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்று இரவு முடிவு செய்தோம், நம் ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போய்விடுவது என்று. அதிலும் பாதிதான் சரி.

போகிற வழியில் ஒரு முன்பணத்தையும் விட்டோம். ஒரு முகவர் வீடு காட்டினார். "அனுமதியெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம், இப்போ சாவியை வாங்குங்க" என்றார். 1,400 வெள்ளி கொடுத்தோம். உரிமையாளர் வீவகவிடம் அனுமதி கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது, அந்த புளோக்கில் வெளிநாட்டவர் ஒதுக்கீடு நிரம்பியிருந்தது. பணம் திரும்பவில்லை. புதிதாக வந்தவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். 2014 முதல், முழு வீட்டையும் வாடகைக்கு விடும்போது மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் ஓர் அளவு இருக்கிறது. பேட்டைக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு 11 விழுக்காடு. நிரம்பிவிட்டால் எவ்வளவு வாடகை கொடுத்தாலும் கிடைக்காது. அறை மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அளவு இல்லை. வீவக அனுமதியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக வீவக வீட்டை வாடகைக்கு விட முடியாது, அப்படி யாராவது சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை உண்டு, நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தம் என்றால் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. சிலர் அதை மிச்சப்படுத்தப் பார்ப்பார்கள். பிறகு வழக்கு என்று வந்தால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நிற்க முடியாது.

2018-ல் ஃபேரர் பார்க் பக்கம் போனோம். அப்போது வேலையை விட்டு வியாபாரம் தொடங்கியிருந்தோம், நிரந்தரவாசமும் கிடைத்திருந்தது. டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்கு நடந்தே போய்த் தமிழில் குத்பா கேட்கலாம். தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை முதல் நண்டு வரை தமிழிலேயே வாங்கலாம். மனைவிக்கு முகம் தெளிந்தது. அந்தக் காலத்தை நாங்கள் குறை சொல்லவே மாட்டோம்.

ஆனால் அந்த மாடியில் எங்களைப் போலவே எல்லாரும் வாடகைக்காரர்கள். ஒரு குடும்பத்தோடு பழகி, பிள்ளைகள் சேர்ந்து விளையாடத் தொடங்கும் நேரத்தில் அவர்களுக்கு வேலை மாறும், ஊருக்குப் போவார்கள். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோமே, அதற்குப் பிறகு எங்கள் தளத்தில் மூன்று வீடு ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாயின. தமிழ் பேசுகிறவர்கள்தான். ஆனால் போகும்போது விடைபெறக்கூட நேரமில்லை. ஜூரோங் வெஸ்ட் மக்சிக்கோ அந்த இரண்டு மாதமும் வாரம் தவறாமல் தொலைபேசியில் அழைத்துக் குழந்தையை விசாரித்தார்கள். மனைவி அரைகுறை மலாயில் பதில் சொல்வார். நம் மொழி பேசுகிறவர் பக்கத்தில் இருப்பது ஒன்று, இடம் பெயராமல் இருப்பவர் பக்கத்தில் இருப்பது இன்னொன்று என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே வாங்குவதென்று தீர்மானித்தோம். நிரந்தரவாசிகள் மறுவிற்பனை வீடு வாங்க, அந்தத் தகுதி கிடைத்து மூன்று ஆண்டு கழிய வேண்டும். முன்னே சொன்ன காரணம் இங்கேதான் வருகிறது. 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. இந்தியர், பிறர் என்ற பிரிவுக்குப் பேட்டையில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தனியாகப் பேட்டையில் 5, புளோக்கில் 8. நாம் பள்ளிவாசலில் மலாய்க்காரர்களோடு தோள் சேர்ந்து நின்றாலும் வீவகவில் இந்தியர் கணக்கில்தான் வருகிறோம். நாங்கள் ஆசைப்பட்ட முதல் இரண்டு வீடும் இதனாலேயே கை நழுவின. மாதம் முதல் தேதி இந்த அளவுகள் புதுப்பிக்கப்படும், வீவக இணையத்தளத்தில் பார்க்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் பாருங்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது எங்கள் தளத்தில் இரண்டு சீனக் குடும்பம், ஒரு மலாய்க் குடும்பம், நாங்கள். எரிச்சல் போய்விட்டது என்று சொல்லலாம்.

2021-ல் செங்காங்கில், புவாங்கோக் எம்ஆர்டி பக்கம் நாலறை வீடு அமைந்தது. அல்-மவத்தா பள்ளிவாசலுக்குக் குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டே போகலாம். ஊதா நிற ரயிலில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியா, அதே ரயிலில் சைனாடவுனில் இறங்கினால் சூலியா பள்ளிவாசல். பக்கத்தில் தமிழ் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, ஒரே ரயிலில் போய்வரும் தூரத்தில் இருந்தால் போதும் என்று முடிவு செய்தோம்.

அந்த வீட்டை எடுக்கும் முன் நாங்கள் பார்த்த விதத்தைச் சொல்கிறோம். ஒரு மாலை ஆறரை மணிக்குப் போய்க் கீழ்த்தளத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். வீட்டுக்குள் போகவே இல்லை. மின்தூக்கியிலிருந்து வருகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைக்கிறார்களா, பாட்டிகள் உட்கார்ந்திருக்கிறார்களா, பிள்ளைகளைப் பெயர் சொல்லி யாராவது அழைக்கிறார்களா என்று பார்த்தோம். பிறகு ஒரு மழை நாளில் குழந்தை வண்டியோடு சந்தைக்கும் ரயிலுக்கும் நடந்து பார்த்தோம். ஒருநாள் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தோம், வீட்டுக்காரம்மா சிரித்தார்கள். வீட்டை முடிவு செய்தவர் மனைவி. பகல் முழுக்க அங்கே இருக்கப் போகிறவர் அவர்தானே.

வியாபாரி புத்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பேட்டைகளில் இருக்கும் மளிகைக் கடைகளுக்கு நாங்கள் சரக்குப் போடுகிறோம். ஒரு கடையில் மல்லித்தூள் நூறு கிராம் பொட்டலமாகவே போனால் அங்கே வந்து போகிறவர்கள் அதிகம். ஒரு கிலோப் பை போனால் குடும்பங்கள் நிலையாக இருக்கின்றன. நோன்புக்கு முந்தின வாரம் கடைக்காரர் பச்சரிசியும் பாசிப்பருப்பும் எவ்வளவு கேட்கிறார் என்று பார்த்தால், அந்தப் பக்கம் கஞ்சி காய்ச்சும் வீடு எத்தனை என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள், முகவர் சொல்லாததை அவர் சொல்வார்.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சுருக்கமாக. தொடக்கப்பள்ளியில் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் அந்த முகவரியைக் காட்டி இடம் வாங்கினால் குறைந்தது 30 மாதம் அங்கே குடியிருக்க வேண்டும். பாஸில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குக் கடைசிக் கட்டத்தில்தான் இடம். எந்தப் பள்ளி கிடைக்கும் என்று தெரியாத நிலையில் பள்ளியை மட்டும் நம்பி வீடு எடுக்காதீர்கள். தமிழ் அந்தப் பள்ளியிலேயே நடக்கிறதா என்று கேளுங்கள். உயர்நிலையில் இல்லையென்றால் பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. தஞ்சோங் பகார் பள்ளி 1982-ல் மூடப்பட்டாலும் அந்தப் பெயர் அங்கே இருக்கிறது.

சென்ற மாதம் எங்கள் தளத்துக்கு இரண்டு தளம் மேலே ஒரு குடும்பம் வாடகைக்கு வந்திருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொன்னார்கள். மனைவி இரண்டு முறை போய்க் கதவைத் தட்டினார். உள்ளே குழந்தை அழும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறை ஒரு டப்பாவில் இடியாப்பமும் ஒரு தாளில் எங்கள் வீட்டு எண்ணும் தொலைபேசி எண்ணும், அந்தக் குடும்பத்தின் முழு முகவரியும் எழுதி வாசல் கம்பியில் மாட்டிவிட்டு வந்தார். டப்பா இன்னும் திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் போகப் போகிறார்.

வீடு பார்க்கக் கிளம்புகிறவர்கள் இன்று இங்கே யாராவது இருந்தால், தேநீர் நேரத்தில் எங்களிடம் வந்து பேட்டையின் பெயரைச் சொல்லுங்கள். சரக்கு வண்டி வாரத்தில் ஐந்து நாள் ஏதாவது ஒரு பக்கம் போகிறது, முன் இருக்கையில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.

வஸ்ஸலாம்.