காண்பதும் கலப்பதும்

பழமையைப் போற்றுவோர் எச்சமயத்திலும் உண்டு; புதுமையை வேண்டுவோரும் உண்டு. இவ்விரு சாராரும் ஒரே கோயிலில் முழந்தாளிட்டு வழிபடும்போது ஒரு வினா எழுகின்றது. வழிபாட்டில் எது மாறலாம்? எது மாறலாகாது? கத்தோலிக்கத் திருச்சபை இவ்வினாவைத் தனக்குத்தானே எழுப்பி விடை தேடிய வரலாற்றை நேயர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

கத்தோலிக்க வழிபாட்டின் நடுநாயகமாக விளங்குவது திருப்பலி. இயேசுபெருமான் தாம் பாடுபடுவதற்கு முந்திய இரவில் சீடரோடு பந்தியமர்ந்து, அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் பகிர்ந்தளித்தார். அதன் நினைவாக நடைபெறுவதே இவ்வழிபாடு. தமிழ்க் கத்தோலிக்கர் இதனைப் ‘பூசை’ என்று வழங்கினர். அதற்குச் செல்வதைப் ‘பூசை காணுதல்’ என்றனர். ‘காணுதல்’ என்னும் இச்சொல்லில் ஒரு காலத்து வரலாறே அடங்கியிருக்கிறது. குருவானவர் பீடத்தை நோக்கி நின்று, இலத்தீன் மொழியில் மெல்லிய குரலில் மன்றாடுவார். மக்கள் பின்னே இருந்து பக்தியோடு காண்பார்கள். பலர் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய பக்தியில் குறைவில்லை. ஆனால் பீடத்தில் நிகழ்ந்தது ஒன்று. மக்கள் நாவில் நிகழ்ந்தது மற்றொன்று.

இலத்தீன் எவ்வாறு வழிபாட்டு மொழியாயிற்று? உரோமையில் வாழ்ந்த தொடக்க காலக் கிறிஸ்தவர் கிரேக்க மொழியிலேயே வழிபட்டனர். நகர மக்களுக்குக் கிரேக்கம் விளங்காத நிலை வந்தபோது, நான்காம் நூற்றாண்டளவில், அவர்கள் பேசிய இலத்தீன் பீடத்தில் ஏறிற்று. எனவே, மக்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே இலத்தீன் வந்தது. பின்னர் மக்கள் மொழிகள் மாறின. வழிபாட்டு மொழி மாறவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் கூடிய திரெந்து பொதுச்சங்கம் இலத்தீனை நிலைநிறுத்திற்று. ஆயினும், திருப்பலியின் பொருளைக் குருக்கள் மக்களுக்கு அடிக்கடி விளக்கியுரைக்க வேண்டும் என்று அச்சங்கமே 1562இல் பணித்ததையும் மறத்தலாகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாற்றத்தின் விதை ஊன்றப்பெற்றது. மக்கள் வழிபாட்டில் செயலூக்கத்தோடு பங்குகொள்ள வேண்டும் என்று பத்தாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் 1903இல் வலியுறுத்தினார். அந்நாளில், தாம் தகுதியற்றவர் என்னும் அச்சத்தால், ஆண்டில் ஓரிருமுறை மட்டுமே நற்கருணை உட்கொண்டவர் பலர். அடிக்கடி, நாள்தோறுங்கூட, உட்கொள்ளலாம் என்று 1905இல் அவர் வழி திறந்தார். ஏறத்தாழ ஏழு வயதிலேயே சிறுவர் அவ்விருந்துக்கு வரலாம் என 1910இல் விதித்தார். பெல்சியம் நாட்டுத் துறவி இலம்பர்ட் பொதுவேன் 1909 முதல் வழிபாட்டை மக்களுடையதாக்கும் இயக்கத்தை வளர்த்தார். பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் பாஸ்குத் திருவிழிப்பை மீண்டும் இரவு நேரத்திற்கே கொணர்ந்தார். இவை யாவும் புத்தம் புதியன அல்ல. மறைந்து கிடந்த ஊற்றுக்கண்களைத் தூர்வாரிய முயற்சிகளே.

தூர்வாரிய ஊற்று ஆறாகப் பெருகிய காலம் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் காலம். இருபத்துமூன்றாம் அருளப்பர் கூட்டிய அச்சங்கம் 1962 அக்டோபர் 11ஆம் நாள் தொடங்கிற்று. முதன்முதல் அது விவாதத்திற்கு எடுத்துக்கொண்ட பொருளே வழிபாடுதான். கீழைத் திருச்சபைத் தலைவராகிய நான்காம் மாக்சிமோஸ், சங்கத்தின் மொழியான இலத்தீனை விடுத்துப் பிரெஞ்சு மொழியில் பேசினார். கிறிஸ்து தம் காலத்து மக்கள் பேசிய மொழியிலேயே முதல் திருவிருந்தை நடத்தினார் என்பதை எடுத்துக்காட்டினார். 1963 டிசம்பர் 4ஆம் நாள் வழிபாட்டுச் சட்டத்தொகுப்பு நிறைவேறிற்று. ஆதரித்தவர் 2147 பேர், எதிர்த்தவர் நால்வரே.

விளைவுகள் விரைந்து வந்தன. 1965 மார்ச் 7ஆம் நாள் ஆறாம் சின்னப்பர் உரோமையின் ஒரு பங்குக் கோயிலில் இத்தாலிய மொழியில் பலி நிறைவேற்றினார். 1969இல் புதிய திருப்பலி முறை வந்தது. ஞாயிறுதோறும் மூன்று வேதவாசகங்கள், மூன்றாண்டுச் சுற்றில் படிக்கப்பெறலாயின. தமிழருக்கு இதில் தனிப்பொருள் உண்டு. அண்டிரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இலேயே கொல்லத்தில் தமிழில் அச்சேறிற்று. வீட்டில் அத்தனை காலம் ஒலித்த தமிழ், பீடத்தில் ஏற ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் காத்திருந்தது!

இம்மாற்றத்தால் இழப்பே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. இலத்தீனின் மாட்சியையும் கிரகோரியன் இசையின் அழகையும் விட்டுக்கொடுப்பது பெருந்தியாகம் என்பதை ஆறாம் சின்னப்பரே 1969இல் வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். பழைய முறையைக் கைக்கொள்ளப் பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2007இல் பரந்த இசைவு அளித்தார். பிரான்சிஸ் 2021இல் அதற்கு வரம்பு கட்டினார். இவ்வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் மொழியைப் பற்றியே வாதிடுவோர் அடிப்படையை மறந்துவிடக் கூடும். விளங்காத மொழியில் வாளா இருந்தவனும் விளங்கும் மொழியில் நினைவின்றி ஓதுபவனும் ஒரே நிலையில் நிற்பவரே. உரக்கப் பாடுவது மட்டும் பங்கேற்பு ஆகாது. உள்ளம் ஒன்றிய மௌனமும் பங்கேற்பே என்று சங்கம் கூறிற்று. வழிபாட்டில் மக்களைப் பயிற்றுவிக்கும் பணி இன்னும் எஞ்சியிருப்பதைப் பிரான்சிஸ் 2022இல் ஒரு திருமடலில் நினைவூட்டினார்.

அச்சட்டத்தொகுப்பில் மற்றொரு விதியும் உண்டு. திருப்பணியாளருக்கும் அரசதிகாரிகளுக்கும் முறைப்படி உரிய மரியாதை நீங்கலாக, வழிபாட்டில் எத்தனி மனிதருக்கும் எவ்வகுப்பினருக்கும் சிறப்பிடம் கூடாது என்பதே அது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதி பிரித்து நின்ற கோயிற் சுவர் 1910இல் இடிக்கப்பெற்றது. எனினும், கல்லறைத் தோட்டத்திலும் தேரோடும் வீதியிலும் பிரிவினை நீங்காத ஊர்கள் தமிழகத்தில் இன்றும் உள. ஓரப்பத்தில் பங்குகொண்டவர் இறந்தபின் ஒரு மண்ணில் துயிலக் கூடாதென்றால், அவ்வப்பத்திற்குப் பொருள் யாது? சகோதரனோடு மனத்தாங்கல் இருக்குமாயின், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகுக என்பது இயேசுவின் போதனை.

‘பூசை காணுதல்’ என்னும் வழக்கு அருகி, ‘திருப்பலியில் பங்கேற்றல்’ என்னும் வழக்கு வந்துவிட்டது. சொல்லை மாற்ற ஒரு தலைமுறை போதுமாயிருந்தது. அருகே முழந்தாளிட்டிருப்பவரைத் தம்மவராகக் கருதி, கோயிலிலும் தெருவிலும் அவரோடு கலந்து வாழும் நாளில்தான் அச்சொல் மெய்யாகும். சங்கம் தொடங்கிவைத்த சீர்திருத்தம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் நிறைவேற வேண்டியதாக இன்னும் காத்திருக்கிறது.