வெண்ணியும் துத்திப்பட்டும்



இலக்கிய மேடையில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று புருவம் உயர்த்துவோர் இருக்கலாம். தோற்றவனைப் பாடுவது தமிழ்க் கவிதையின் மிகப் பழைய வேலைகளுள் ஒன்று என்பதே அதற்கு மறுமொழி. வேற்றூர் சென்று, ஆட்டப் பருவத்தின் இறுதியில், கைக்கெட்டும் தொலைவில் இருந்ததை நழுவவிட்டுத் திரும்பிய ஓர் அணியின் கதை புதுவை மண்ணிலேயே நிகழ்ந்திருக்கிறது. அது நிகழ்ந்த இடம் கடற்கரைச் சாலையோ பிரெஞ்சுக்காரர் வகுத்த நேர்த் தெருக்களோ அன்று. நகருக்கு வெளியே, துத்திப்பட்டு என்னும் சிற்றூர்.

2023ஆம் ஆண்டு சனவரி 24 முதல் 27 வரை நான்கு நாள்கள் அங்கே ரஞ்சிக் கோப்பைக்கான ஆட்டம் நடந்தது. வந்தது கேரளம், எதிர்கொண்டது புதுச்சேரி. பிரிவு ஆட்டங்களில் இரு அணிகளுக்கும் அதுவே கடைசி. புதுச்சேரிக்கு அடுத்த சுற்று என்னும் பேச்சே இல்லை. வென்றாலும் தோற்றாலும் அதன் பருவம் அன்றோடு முடிந்தது. கேரளத்தின் நிலை வேறு. வெளிப்படையாக வென்றால் ஆறு புள்ளி. வெல்ல இயலாவிடினும் முதல் இன்னிங்ஸில் முந்தினால் மூன்று புள்ளி. பிந்தினால் ஒன்றே ஒன்று. காலிறுதியின் வாயில் இந்தக் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் மட்டை பிடித்த புதுச்சேரி 371 ஓட்டங்கள் எடுத்தது. அவற்றுள் 159, பாரஸ் டோக்ராவின் மட்டையிலிருந்து வந்தவை. கேரளம் 286இல் முடிந்தது. பிந்தியது 85 ஓட்டம். அதன்பின் புதுச்சேரி அவசரப்படாமல் ஆட, ஆட்டம் வெற்றி தோல்வியின்றி ஓய்ந்தது. பதிவேட்டில் அது தோல்வி அன்று. ஆனால் மூட்டை கட்டியவர்களுக்கு அதற்கு வேறு பெயர் தேவைப்பட்டிருக்காது. கர்நாடகமும் ஜார்க்கண்டும் மேலே சென்றன; கேரளம் மூன்றாம் இடத்தோடு ஊர் திரும்பியது.

இந்த ஆட்டத்தை வெறும் எண்ணிக்கையாக விட்டுவிடலாகாது என்பதற்குக் காரணம் உண்டு. சேரநாட்டார் சோழமண்டலக் கரையில் வந்து பின்னடைவது தமிழ்க் கவிஞருக்குப் புதிய செய்தியா? வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டு, அதற்கு நாணி வடக்கிருந்தான். அந்தக் களம் இன்று திருவாரூர் மாவட்டத்துக் கோயில்வெண்ணி என்பர். புறநானூற்றின் 65ஆம் பாட்டில் கழாத்தலையார் அவனுக்காக இரங்குகிறார். அகநானூற்றின் 55ஆம் பாட்டில் மாமூலனார், அச்செய்தி கேட்டு அவனோடு உயிர்விட்ட சான்றோரை நினைக்கிறார். இவை தோற்றவன் பக்கம் நின்ற பாட்டுகள். புறநானூற்றின் 66ஆம் பாட்டோ வேறு வகை. வெண்ணிக் குயத்தியார் வென்ற ஊரைச் சேர்ந்தவர். பாடப்பட்டவன் வென்ற கரிகாலன். அவன் முகத்துக்கு நேரே, உன்னிடம் தோற்றவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்னும் பொருள்படக் கேட்டார் அவர். சொந்த ஊரின் வெற்றி நாளில், வென்ற மன்னனைப் பார்த்து!

துத்திப்பட்டில் வென்ற ஊர் புதுவை. ஆகவே குயத்தியாரின் இடத்தில் நிற்க வேண்டியவர் புதுவைக் கவிஞரே. கேரளத்துக்காக மலையாளக் கவிஞர் வருந்துவது இயல்பு; அது கழாத்தலையாரின் வேலை. குயத்தியாரின் வேலை அதனினும் கடினமானது.

அந்த இடத்திலிருந்து பார்த்தால், வந்தவர்கள் எத்துணை நெடுவழி நடந்து வந்தவர்கள் என்பது தெரியும். 1951-52இல் திருவிதாங்கூர்-கொச்சி என்னும் பெயரில் ரஞ்சிக் கோப்பையில் நுழைந்த அணி அது. முதன்முறை காலிறுதியைக் கண்டது 2017-18இல்தான். புதுச்சேரி அந்தக் கோப்பைக்குள் வந்ததே அதற்கடுத்த 2018-19 பருவத்தில், பிகார், உத்தராகண்டம், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றோடு புதிதாகச் சேர்ந்த ஒன்பது அணிகளுள் ஒன்றாக. ஏறத்தாழ எழுபது ஆண்டு ஆடியவனை ஐந்து ஆண்டுப் பிள்ளை வாயிலில் நிறுத்தியது.

இன்னொன்று. அரபிக் கடலோரத்து மாஹே, 1954 வரை பிரெஞ்சுக்கொடியின் கீழிருந்தது. இன்றும் புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது. எம். முகுந்தனின் மய்யழிப்புழை நாவல் அந்த ஊரை எல்லாருக்கும் அறிமுகம் செய்துவிட்டது. மய்யழி ஆற்றைக் கடந்தால் பத்துக் கிலோமீட்டருக்குள் தலச்சேரி. கேரளக் கிரிக்கெட்டின் தொட்டில் என்று அவ்வூர் கொண்டாடப்படுகிறது; ஆர்தர் வெல்லெஸ்லி அங்கே ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார் என்று செவிவழிச் செய்தியும் உண்டு. ஆற்றின் ஒரு கரையில் ஆங்கிலேயரின் மட்டை. மறுகரையில் அது இல்லை. புதுவைத் தெருக்களிலும் பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்றது இரும்புக் குண்டுகளை உருட்டும் பெத்தாங் ஆட்டமே. மாஹேக்காரருக்குப் பேச்சாலும் அண்டையாலும் கேரளம், ஆட்சியால் புதுச்சேரி. துத்திப்பட்டில் எவர் விக்கெட் விழுந்தபோது அவர் கைதட்டியிருக்க வேண்டும்?

பிரான்சுக்கும் கிரிக்கெட்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரேயொரு கிரிக்கெட் ஆட்டம் நடந்தது. டெவன், சாமர்செட் பகுதிகளைச் சேர்ந்த ஓர் ஆங்கிலக் கழக அணி, பிரான்சை 158 ஓட்டங்களில் வென்றது. பிரான்சு அணி என்று பெயர். ஆடியவரில் பெரும்பாலோர் அங்கே குடியிருந்த ஆங்கிலேயர்!

சிரிக்குமுன் துத்திப்பட்டையும் பார்க்க வேண்டும். புதுச்சேரியைத் தூக்கி நிறுத்திய டோக்ரா இமாசலப் பிரதேசத்துக்காரர். கேரளப் பந்துவீச்சின் தூணாயிருந்த ஜலஜ் சக்சேனா மத்தியப் பிரதேசத்துக்காரர். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. சேரனைப் பாடிய வாயால் சோழனையும் பாடிய புலவர்களைக் கொண்டாடும் மொழியில் அந்தக் குறை அவ்வளவு எடுபடாது. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அன்று கேரளம் இழந்தது முழுக்கக் கேரளத்துடையது, புதுவை பெற்றதோ பாதி இரவல். வென்றவனினும் தோற்றவனுக்கு அந்த ஆட்டம் கூடுதல் சொந்தமாயிற்று.

முதல் இன்னிங்ஸ் முன்னிலை என்னும் அந்த ஒற்றை வரி கேரளத்தை விட்டபாடில்லை. 2025 பிப்ரவரியில் அகமதாபாதில் அரையிறுதி. கேரளம் 457. குசராத்தின் கடைசி இணை எட்டிப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. அர்சான் நாக்வாஸ்வாலா ஓங்கி அடித்த பந்து, அருகே நின்ற சல்மான் நிசாரின் தலைக்கவசத்தில் மோதி எழும்பி, சச்சின் பேபியின் கையில் விழுந்தது. குசராத்து 455. இரண்டே ஓட்டத்தால் கேரளம் முதன்முறையாக இறுதியாட்டத்துக்குச் சென்றது. துத்திப்பட்டில் 85ஆல் அடைத்த கதவு, அங்கே ஒரு தலைக்கவசத்தால் திறந்தது.

நாகபுரியில் விதர்பாவோடு இறுதியாட்டம். விதர்பா 379. அணித் தலைவர் சச்சின் பேபி 98இல் நின்றார். சதத்துக்கு இன்னும் இரண்டே ஓட்டம், பந்தை உயரத் தூக்கி அடித்தார், பிடிபட்டார். கேரளம் 342. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிய, 37 ஓட்ட முன்னிலையால் கோப்பை விதர்பாவுக்குச் சென்றது.

விதர்பாவில் ஒரு குயத்தியார் இருந்தாரா என்பதை மராத்திக் கவிஞர்களைத்தான் கேட்க வேண்டும். வெண்ணியில் இருந்தவருக்கோ சொந்தப் பெயர்கூட எஞ்சவில்லை. ஊரும் தொழிலுமே பெயராக நிற்கின்றன. வென்றவனைப் பார்த்துக் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் பதிவாகியிருக்கிறது. கரிகாலன் அதற்கு என்ன மறுமொழி சொன்னான் என்பதைப் பாட்டுத் தரவில்லை. துத்திப்பட்டு ஆட்டத்துக்கு ஓட்டக் கணக்கு இருக்கிறது. கேள்வியைப் புதுவைக் கவிஞர்கள் எழுதட்டும்.