வட்டத்துக்குள் யார்?

2020 ஆகஸ்டில் கெடா மக்கள் அடிக்கடி கேட்ட சொல் 'கிளஸ்டர்', அதாவது தொற்றுக் குழு. குபாங் பாசு வட்டாரத்தில் தொடங்கிய கோவிட் தொற்றுக்குச் 'சிவகங்கா கிளஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். அது தமிழ்நாட்டு ஊரின் பெயர். பெர்லிஸ், பினாங்கு வரை போன அந்தத் தொற்று 45 பேரைப் பிடித்தது.

கிளஸ்டரைப் படமாக வரையலாம். புள்ளி என்றால் ஆள். கோடு என்றால் தொடர்பு. புள்ளிகள் பெருகினால் கண் குழம்பும். ஆகவே குழுக்களைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

முதல் வழி, குழுவுக்கு ஒரு வண்ணம். எளிதுதான், ஆனால் ஒரு புள்ளிக்கு ஒரு வண்ணமே கிடைக்கும். பீடோங் தாமானில் குடியிருந்து, சுங்கைப்பட்டாணி தொழிற்சாலையில் வேலை செய்து, வெள்ளிக்கிழமை பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போகிறவருக்கு எந்த வண்ணம் பூசுவது?

இரண்டாவது வழி, குழுவைச் சுற்றி வட்டம் போடுவது. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழலாம். அந்த மனிதர் மூன்று வட்டத்திலும் இருப்பார். நோய் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குத் தாவக்கூடிய இடமும் அதுவே. அவரை முதலில் பரிசோதித்தால் மூன்று குழுக்களுக்கும் பாதுகாப்பு.

வட்டத்துக்கு வைக்கும் பெயரில்தான் கவனம் வேண்டும். புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயர் வைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-லேயே கேட்டுக்கொண்டது. பெயர் ஒட்டினால் பழியும் ஒட்டும் என்பதே காரணம். கிளஸ்டருக்கும் இது பொருந்தும். தொற்று போவது சந்திப்பின் வழியே. பெயரைக் கேட்டு யாரையும் ஒதுக்குமுன், கோடு எங்கே போகிறது என்று பாருங்கள்.